பதினேழாம் வீடு

அத்தியாயம் 14

பவுலினாவின் வீட்டு வாசலில் இந்த டிசம்பரில் ஸ்டார் தொங்கவில்லை என்ற இடத்தில் போன வாரம் நின்றோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணவன் சவரிராஜ், ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, தான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து இறந்துபோனான். மகள் கனிமொழி புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருஷம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருக்கிறாள். நாலு வீடு தள்ளி இருக்கும் சலேத்துமேரி, சவரிராஜின் அக்கா. அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. "என் தம்பி செத்த வருஷம் அந்த வூட்ல பண்டிகை கிடையாது" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள்.

பவுலினா அதைக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. இன்று டிசம்பர் இருபத்து மூன்று.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பவுலினா வேலை பார்க்கும் கம்பெனியில் ஆகஸ்ட் மாதமே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். அச்சில் ஊற்றி, காய்ந்து, சூளையில் வெந்து வரும் குடில் பொம்மைகள் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும். முகம் எழுதுவது அவள் வேலை. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையன், கடைசியில் பாலன் இயேசு. இந்த வருஷம் ஆயிரத்து இருநூறு பாலன்களுக்குக் கண் எழுதியிருந்தாள். ஊர் ஊராக எத்தனையோ குடில்களில் அந்தக் கண்கள் விழித்துக் கிடக்கின்றன. அவள் வீட்டில் மட்டும் குடில் கூடாதாம். யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பத்தரை மணிக்கு பிரதர் அன்பரசன் பைக்கில் வந்தார். குருமடத்தில் படிக்கிறவர். கிறிஸ்துமஸ் வேலைகளுக்காக இந்தப் பங்குக் கோயிலுக்கு அனுப்பி இன்னும் பதினைந்து நாள் ஆகவில்லை. கோயிலில் இருந்த பழைய பாலனுக்கு ஒரு கை உடைந்துவிட்டதால், பாட்டுக் குழு வீடு வீடாகத் தூக்கிப்போக ஒரு அடி நீளத்தில் புதுப் பாலன் வேண்டும் என்று ஃபாதர் ஆர்டர் கொடுத்திருந்தார். அதை வாங்கிப்போகத்தான் பிரதர் வந்தது.

பவுலினா அட்டைப் பெட்டியைத் திறந்து வைக்கோலை விலக்கினாள். பிரதர் குனிந்து பார்த்தார்.

"கண்ணு நம்மளையே பாக்குதுக்கா."

"அப்படித்தாங்க எழுதினேன். ஒருபக்கமா எழுதினா மாதாவை மட்டும்தான் பாக்கும். தூக்கிட்டுப் போற பாலன் எல்லாரையும் பாக்க வேணாமா?"

பிரதர் தலையாட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இன்று சாயங்காலம் பாலன் போகவேண்டிய வீடுகளின் பட்டியல். சலேத்து கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது.

"ஒரு சந்தேகம்க்கா. முப்பத்தோரு வீடு இருக்குது. எல்லாத்துக்கும் நேரம் போட்டிருக்காங்க. பதினேழாவது உங்க வீடு. அதுக்கு மட்டும் நேரம் இல்ல. து, புள்ளி, வீ, புள்ளின்னு இருக்குது. சலேத்தம்மா மங்கலம்பேட்டைக்குக் கடைக்குப் போயிருக்காங்களாம். ஃபாதருக்கும் தெரியல. இது என்னாங்கக்கா?"

பவுலினா தாளை வாங்கிப் பார்த்தாள். 'சவரிராஜ் குடும்பம்' என்று எழுதி எதிரே 'து.வீ.' என்று இருந்தது. துக்க வீடு. பாட்டுக் குழு அந்த வாசலில் நிற்காமல் போய்விட வேண்டும் என்று அர்த்தம். வார்த்தையை முழுசாக எழுதக்கூட சலேத்துக்கு மனசு வரவில்லை. இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி, அவ்வளவுதான் அந்த வீட்டுக்கு.

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது அழுகை இல்லை.

"துவக்க வீடு," என்றாள்.

வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்று நான் எழுதினால் அது அவளுக்குச் செய்யும் அநியாயம். யோசித்துத்தான் சொன்னாள். பிரஷ்ஷைத் தண்ணீரில் ஒருமுறை அலசி எடுக்கும் நேரம் யோசித்தாள், பிறகு சொன்னாள்.

"துவக்க வீடா?"

"ஆமாங்க பிரதர். முதல்ல எங்க வூட்ல பாலனை வெச்சு ஜெபம் சொல்லிட்டுத்தான் மத்த வூட்டுக்குக் கிளம்பணும். எல்லாத்துக்கும் முன்னாடிங்கறதால நேரம் போடலை."

"நல்ல வழக்கமா இருக்குதே. எங்க ஊர்ல கோயில்லேருந்து நேராக் கிளம்பிடுவோம்."

"ஊருக்கு ஊரு மாறும்ங்க."

பிரதர் அங்கேயே நின்று போனை வாயருகே பிடித்து, "பாட்டுக் குழுப் பிள்ளைங்க எல்லாரும் நாலரைக்கு பவுலினா அக்கா வீட்டுக்கு வந்துடுங்க, அதுதான் துவக்க வீடு" என்று குரூப்பில் பேசி அனுப்பிவிட்டார். பாலனைப் பெட்டியோடு பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். பவுலினா பார்த்துக்கொண்டே நின்றாள். போன குரலைத் திரும்பப் பிடிக்க முடியாது. பிடிக்கும் உத்தேசமும் அவளுக்கு இல்லை.

பக்கத்து மேஜையில் ஆட்டுக்குட்டிகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பெரியநாயகி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி. அது துக்க வூடுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எழுத்துதான் கம்மி. புத்தி கம்மி இல்ல." பெரியநாயகி குரலைத் தணித்தாள். "எங்க வூட்லயும் ஒரு வருஷம் பொங்கல் வெக்க மாட்டோம். அது செத்தவங்களுக்குக் குடுக்கற மரியாதை பவுலினா."

"நானா வேணாம்னு உக்காந்தா அது மரியாதை. கதவை வெளியிலேருந்து பூட்டிட்டு மரியாதைன்னு சொன்னா எப்படி?"

"அடுத்த வருஷம் கொண்டாடிக்கறது."

"ஒண்ணு போனா அடுத்ததுல ஏறிக்கலாம்னு சொல்ல இது என்னா கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸா?"

பெரியநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "சாயங்காலம் உன் நாத்தனா வந்து நிப்பாளே. பொய்யின்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நாலு பேரு முன்னாடி மானம் போவும். பொய் சொல்லி சாமியைக் கூட்டியாந்தவள்னு சொல்லுவாங்க. புருசன் போயி எட்டு மாசத்துல ஸ்டார் கட்டுனவள்னும் சேர்த்துச் சொல்லுவாங்க. சொல்லட்டும். இந்த வருஷம் பாலன் என் வூட்டுப் படி ஏறிட்டுத்தான் போவணும்."

முதலாளி நடராசனிடம் அரை நாள் லீவு கேட்டாள். என்ன விஷயம் என்று அவர் கேட்டதற்கு, "வூட்டுக்கு விருந்தாளி வர்றாங்கண்ணே" என்றாள். அது பொய்யில்லை.

ஷேர் ஆட்டோவில் ஜன்னல் பக்கமாக ஒண்டி உட்கார்ந்ததும் அந்த வருஷத்தைத் திரும்பப் பார்த்தாள். கிறிஸ்தவ வீட்டுக்கு வருஷம் ஓடுவது காலண்டரில் இல்லை, கோயிலில். சாம்பல் புதன் அன்று சவரிராஜ் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு சூளைக்குப் போய், "அங்க போனா உடம்பெல்லாம் சாம்பல்தான்" என்று சிரித்தான். குருத்து ஞாயிறு அன்று ஓலையைச் சிலுவையாக மடித்துக் கதவில் செருகினான். ஈஸ்டருக்குக் கறி எடுத்தான். அடுத்த சனிக்கிழமை அவனே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாத் திருநாளும் அவள் வாசலோடு திரும்பிப்போயின. மே மாதம் மாதா சுரூபம் வீடு வீடாகச் சுற்றி வந்தது. அவள் வீட்டைத் தாண்டிப் போனது. முப்பது நாள்கூட ஆகவில்லையே, சரி என்று இருந்தாள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் அவளைக் கூப்பிடவில்லை. செருப்பில்லாமல் நடக்கிற பாதயாத்திரைக்குக்கூடத் துக்கம் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்றைக்கு மட்டும் ஆளாளுக்கு வந்து, "பவுலினா, பூ வாங்கிட்டியா, மெழுகுவத்தி வாங்கிட்டியா, வா போவலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வருஷத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய திருநாள் அது ஒன்றுதான். கல்லறைக்குக் கூட்டிப்போகத் தெரிந்தவர்களுக்குக் குடிலுக்குக் கூட்டிப்போகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே, "கனி, பரண்மேல ஸ்டார் பெட்டி இருக்குது, இறக்கு" என்றாள்.

போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த கனிமொழி எழுந்து உட்கார்ந்தாள். "என்னம்மா ஆச்சு உனக்கு?"

பவுலினா நடந்ததைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அத்தைக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்கம்மா."

"கொல்லட்டும். அதுக்கு முன்னாடி ஸ்டாரை இறக்கு."

"அப்பா இருந்தா என்னா சொல்லுவாரு?"

"உங்கப்பாவா? டிசம்பர் ஒண்ணாந்தேதி ஸ்டார் கட்டலைன்னா அவருக்குச் சோறு இறங்காது. இருபத்திரண்டு நாள் லேட்டு பண்ணிட்டியேடின்னு என்னைத்தான் திட்டுவாரு."

கனிமொழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள். புதுச்சேரியிலிருந்து வந்து நாலு நாளாக அவள் அழவில்லை, சிரிக்கவுமில்லை. அம்மா சங்கடப்படுவாளே என்று தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள். பவுலினா அவளைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு நேரமில்லை. மணி ஒன்று.

ஸ்டாரின் ஒரு கையை எலி கடித்திருந்தது. கனிமொழி தன் பையிலிருந்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை எடுத்து, காயத்துக்குக் கட்டுவது போலவே நாலு பக்கமும் இழுத்து ஒட்டினாள். அம்மாவும் பெண்ணுமாக நாற்காலி போட்டு அதை வாசலில் கட்டினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

பிறகு பவுலினா அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்தாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள் அவரவர் வீட்டில் சுட்ட பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், துக்கக்காரர்கள் தின்பார்கள். இந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் இதில் வித்தியாசமில்லை. ஸ்டாரையாவது பார்க்காததுபோல் போகலாம். எண்ணெய்ச் சட்டியை மறைக்க வழியே கிடையாது. வாசனை நாலு வீடு தாண்டிப் போய்ச் சொல்லிவிடும்.

சொல்லிவிட்டது. மங்கலம்பேட்டையிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய சலேத்துமேரி, கையில் பையோடு நேராக இந்த வாசலுக்கு வந்து நின்றாள். இரும்பு கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். மணி நாலே கால்.

"பவுலினா. என்னா வாசனை இது?"

பவுலினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அச்சு முறுக்கு அண்ணி. உள்ள வாங்க."

சலேத்து தலையைத் தூக்கி ஸ்டாரைப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயசு. சின்ன வயசில் தாயில்லாமல் போன தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

"என் தம்பி மேல போட்ட மண்ணு இன்னும் காயலை. உனக்கு முறுக்கு கேக்குதா?"

"கேக்குது அண்ணி."

அவள் அப்படிச் சொல்வாள் என்று சலேத்து எதிர்பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த நாத்தனாரை பவுலினா எதிர்த்துப் பேசியது கிடையாது. சேலை எடுத்தாலும் செவ்வாய்க்கிழமை மீன் வாங்கினாலும் அண்ணியைக் கேட்டுக்கொண்டுதான்.

தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது.

இருபது பேர் இருப்பார்கள். முன்னால் பஞ்சுத் தாடி வைத்த முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வந்தார். நடுவில் பிரதர் அன்பரசன், வெள்ளைத் துணி விரித்த தட்டில் பாலன். பாடிக்கொண்டே வந்து கேட் முன்னால் நின்றார்கள்.

சலேத்து குறுக்கே போய் நின்றாள். "பிரதர், தப்பா வந்துட்டீங்க. இந்த வூட்டுக்குப் பாலன் வரக்கூடாது. பட்டியல்ல எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்கம்மா. துவக்க வீடுன்னு."

"எந்த மடையன் சொன்னான் துவக்க வீடுன்னு? அது துக்க வீடு."

டிரம் நின்றது. தாத்தா முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். இருபது பேரும் பவுலினாவைப் பார்த்தார்கள். பிரதர் முகம் வெளிறிப்போனது. "அக்கா?" என்றார் மெல்ல.

பவுலினா கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள்.

"மடையன் இல்ல அண்ணி, மடச்சி. நான்தான் சொன்னேன். பிரதர் மேல குத்தமில்ல. அர்த்தம் தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்." பிரதர் பக்கம் திரும்பினாள். "இது பாவம்னா நாளைக்குக் காலையில ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். தண்டனை என்னா குடுத்தாலும் பண்றேன். ஆனா பாலனைத் திருப்பிக் கொண்டுபோவாதீங்க."

"சாமி விஷயத்துல பொய் சொல்லியிருக்கா, அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்கறீங்களே," என்றாள் சலேத்து. "செத்த வூட்ல கொண்டாட்டம் கூடாதுங்கறது நேத்து வந்த பழக்கமா? நம்ம பெரியவங்க எல்லாம் முட்டாளா?"

"கொண்டாட்டம்னு யாரு அண்ணி சொன்னா? நான் புதுச்சேலை எடுக்கலை. கேக்கு வெட்டலை. ஒரு பிள்ளை பொறந்திருக்குது, அதைக் கொண்டாந்து காட்டுங்கன்னுதான் கேக்கறேன். சாவு வூட்டுக்குப் பொறந்த பிள்ளையைக் காட்டக் கூடாதா? மாதா நிறைமாசமா வந்து தட்டினப்ப இடமில்லைன்னு கதவைச் சாத்துன வூடுங்க ஒண்ணுலயும் சாவு விழுந்திருக்காது. எல்லாம் நல்லா இருந்த வூடுங்கதான்."

கூட்டத்தில் யாரோ "உம்" என்றார்கள். பெரிய ஆமோதிப்பில்லை. ஆனாலும் பவுலினாவுக்கு அது போதுமாக இருந்தது.

"இந்தப் பாலனுக்குக் கண்ணு எழுதினது யாரு? என் கைதான். எழுதறப்ப துக்கக்காரி கைன்னு யாரும் தட்டிவிடலை. முப்பது வூடும் முத்தம் குடுக்கப் போவுது. என் வூடு மட்டும் ஜன்னல் வழியா பாக்கணுமா?"

"அடுத்த வருஷம்..." என்று தொடங்கினாள் சலேத்து.

"நீங்க முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க அண்ணி." பவுலினாவின் குரல் இப்போது உயரவில்லை, இறங்கியது. "பண்டிகை வூட்டுக்குத் துக்கக்காரங்க போவக்கூடாது, சரி. துக்க வூட்டுக்கு எல்லாரும் வரணுமா இல்லையா? அதுவும் பெரியவங்க வெச்ச வழக்கம்தானே? வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவறதுதானே? அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு இந்தப் படி இறங்கினீங்க. நாலு வூடு தள்ளி இருக்கறீங்க. எட்டு மாசமா ஏன் ஏறலை?"

சலேத்து கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தாள்.

பிரதர் அன்பரசனுக்கு இருபத்தாறு வயசுதான். குருமடத்தில் நாத்தனார் சண்டைக்குப் பாடம் கிடையாது. தட்டிலிருந்த பாலனை ஒருமுறை பார்த்தார், "வாங்க, வெயில் போறதுக்குள்ள தொடங்குவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். தாத்தா முகமூடியை இறக்கிக்கொண்டார். டிரம் முதலில் தயங்கித் தயங்கி அடித்து, படி ஏறும்போது சரியாக அடித்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பாலன் படி ஏறிவிட்டது. பவுலினா கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு வாசலில் அவளும் சலேத்தும்தான் இருந்தார்கள். சலேத்து கேட்டைத் தாண்டி இரண்டடி உள்ளே வந்திருந்தாள். கூட்டம் தள்ளியதா, அவளாக வந்தாளா, தெரியாது.

"ஏன் வரலைன்னு கேட்டியே," என்றாள். பவுலினாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "அன்னைக்கு அவன் எனக்குப் போன் அடிச்சான்."

"என்னைக்கு?"

"அன்னைக்குத்தான். வலி வந்தப்ப. மூணு தடவை அடிச்சான். நான் எடுக்கலை."

பவுலினாவுக்கு முதலில் புரியவில்லை. வேலை நேரத்தில் அவள் போன் கம்பெனி அலமாரியில் இருக்கும், அதற்கு அவன் அடிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். யாரையும் கூப்பிடாமலே போய்விட்டான் என்றுதான் இந்த எட்டு மாசமும் நினைத்திருந்தாள். அதுவே ஒரு ஆறுதலாகவும் இருந்தது, கஷ்டப்பட நேரமில்லாமல் போயிருக்கிறான் என்று.

"வேலையா இருந்தீங்களா அண்ணி?"

"சும்மாதான் உக்காந்திருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. அவன் பேரு வர்றதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வேணும்னேதான் எடுக்கலை." சலேத்து இப்போதுதான் நிமிர்ந்தாள். "இந்த வூட்டுக்குள்ள வந்தா அவன் போட்டோ இருக்கும். அதான் துக்க வூடுன்னு எழுதிட்டு ஓரமா போய்க்கிட்டு இருந்தேன்."

"ஏன் எடுக்கலை?"

சலேத்து வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து பிரதர் கூப்பிட்டார். "அக்கா, வாங்க. வீட்டுத் தலைவர்தான் முதல்ல ஜெபம் சொல்லணும்."

வீட்டுத் தலைவர். போன வருஷம் வரைக்கும் அது சவரிராஜ்.

பவுலினாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் சலேத்து மேல் வந்ததெல்லாம் கோபமே இல்லை, வெறும் வருத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் உள்ளே வந்து, இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டாள்.

"போயிடாதீங்க அண்ணி. இதை நான் முழுசா கேக்காம உங்களை விட மாட்டேன்."

உள்ளே நடு வீட்டில் பாயை விரித்து எல்லாரும் மண்டியிட்டிருந்தார்கள். சவரிராஜின் போட்டோவுக்குக் கீழே ஸ்டூலில் பாலன் இருந்தது. கனிமொழி முன்வரிசையில் கைகட்டி இருந்தாள். பவுலினா போய் மண்டியிட்டாள். மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னாள். கதவு திறந்துதான் இருந்தது. வாசல் வரை கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"ஆண்டவரே, என் வூட்டுக்கு வந்திருக்கறீங்க. நான் பொய் சொல்லிக் கூப்பிட்டேன், நீங்க வந்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம். என் வூட்டுக்காரரு கடைசியா கூப்பிட்ட ஆளு இப்ப வாசல்ல நிக்கறாங்க. அவரு மூணு தடவை கூப்பிட்டும் அவங்க கேக்கலையாம். அவங்களை உள்ள வாங்கன்னு கூப்பிட எனக்கு இப்ப மனசு இல்ல. குடுக்கறதா இருந்தா அந்த மனசைக் குடுங்க. குடுக்கலைன்னா என் கோபத்தையாவது என்கிட்ட விட்டு வைங்க. நல்ல நாளும் அதுவுமா அதைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடாதீங்க."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரதர்தான் முதலில் "ஆமென்" என்றார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக "ஆமென்" என்றார்கள்.

கனிமொழி மட்டும் சொல்லவில்லை. முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அத்தை," என்ற அவள் குரல் உள்ளே எல்லாருக்கும் கேட்டது. "அப்பா ஏன் உங்களுக்குப் போன் பண்ணாருன்னு எனக்குத் தெரியும்."